மாமியார் பார்த்த துடிப்பு

மனைவியின் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அடுத்த முறை, குழந்தைக்கு இதயம் துடிக்கிறதா என்று பார்த்துவர, குரோம்பேட்டையில் புதிதாக வந்திருந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் கடைசி. அலுவலகத்தில் எந்த விதியையும் மனப்பாடமாகச் சொல்பவன் நான். இதையும் படித்துவிட்டுத்தான் போனேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டார். "கரண்டு வெச்சிப் பாப்பாங்களா மாப்ளே? புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?"

காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். கரண்டும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி. வயிற்றில் சில்லென்று ஜெல்லி தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து நகர்த்துவார்கள். உள்ளே போன ஒலி மோதித் திரும்புவதை மெஷின் திரையில் படமாகக் காட்டும். வலிக்காது. சிறுநீர்ப்பை மட்டும் நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் கருப்பை தெளிவாகத் தெரியும்.

அவ்வளவு தண்ணீர் குடிக்க மனைவி முகம் சுளித்தாள். துணைக்கு நானும் டம்ளருக்கு டம்ளர் குடித்தேன். அவளுக்கு அடக்கிக்கொள்ளும் உறுதி இருந்தது. எனக்கு இல்லை. நான் கழிப்பறையில் நின்றிருந்தபோது அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. "கூட ஒருத்தருக்குத்தான் சார் பர்மிஷன். அம்மா போயிட்டாங்க" என்றாள் நர்ஸ். ஒலிக்கும் கரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் திரைக்கு முன்னால், நான் பெஞ்சில்.

கதவு திறந்தது. மனைவி உதட்டைக் கடித்தபடி, என்னைப் பார்க்காமலே ஓடினாள். இதுவும் போய்விட்டது என்றே நினைத்தேன். பெஞ்சை விட்டு எழவில்லை.

"இன்னா மாப்ளே, பேயறைஞ்சாப்ல குந்திக்கினு கீறீங்க? அவ பாத்ரூமுக்கு ஓடுறா" என்றபடி மாமியார் வந்தார். "துடிக்குது!"

"எப்படி?"

விரல்களைக் குவித்து, விரித்து, மூடிக் காட்டினார். "இப்டி. மினுக்கு மினுக்குனு. டாக்டரம்மா எனக்குத் தொட்டுக் காட்டினாங்க." மனைவிகூடப் பார்க்கவில்லையாம், திரை மாமியார் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் கையை பஸ் ஸ்டாப்பில் பூக்காரிக்குக் காட்டினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளுக்குக் காட்டினார். கண்டக்டரையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அது முழுதாக அணைந்ததாகச் சொல்ல முடியாது. அப்பா நான், பார்த்தவர் அவர்.

"கருவுக்கு இன்னும் வேகமா துடிக்கும் அத்தை" என்று திருத்தினேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார்.

இறங்கும் இடம் வருவதற்குள், இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.