முளைக்காத பார்லி

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைக்குச் சேரும்வரை, பார்லி என்றால் காய்ச்சல்காரருக்கு அவித்துக் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். தானியக் கப்பல்களில் சாம்பிள் எடுப்பது என் வேலை. அதைச் சோதித்து, என்ன தரம் என்று கிரேட் சொல்பவர் ஆய்வுகூடப் பொறுப்பாளர் ரெஜினா மிஸ்.

பார்லியில் இரண்டு வகை. தீவனப் பார்லி மாட்டுக்கும் கோழிக்கும் போகும். அதில் புரதம் கூடுதலாக இருந்தால் நல்லது, பூஞ்சணம் இருக்கவே கூடாது. மோல்ட் பார்லி பியர் காய்ச்சப் போகும். அதன் மணி பருமனாக இருக்க வேண்டும், புரதம் அளவோடு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது முளைக்க வேண்டும். முளைகட்டிக் காயவைத்த மணிதான் மோல்ட்; முளைக்காத மணியிலிருந்து அது வராது.

ஒருமுறை ஒரே கப்பலில் இரண்டும் வந்தன. மிஸ் மோல்ட் பார்லியை ஈரத்தாளில் பரப்பி வைத்தார். நாட்கள் போயும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை.

"செத்த பார்லி மிஸ். எங்களுக்கு வேண்டாம்" என்றார் பியர் ஆலையின் ஆள்.

எங்கள் மனேஜருக்கு அவசரம். "அப்ப தீவனத்தோட சேர்த்துக் கொட்டுவம். கப்பல் காத்துக்கொண்டு நிக்குது."

சேர்த்துக் கொட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது.

"கொஞ்சம் பொறுங்கோ சேர்" என்றார் மிஸ். "முளைக்கேல்லை எண்டா செத்துப்போச்சு எண்டில்லை. புது அறுவடை, நித்திரையாயும் இருக்கலாம். சில கிழமை கிடந்தா முழிச்சு முளைக்கும்."

மணிகளைப் பிளேட்டால் இரண்டாகப் பிளந்து ஒரு மருந்தில் ஊறப் போட்டார். மணிக்குள் இருக்கும் முளைக்கரு உயிரோடிருந்தால் அதில் சிவக்கும், செத்தது வெள்ளையாகவே கிடக்கும். பின்னேரம் கிண்ணத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய், "நசீர், வந்து பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். அநேகமாக எல்லா மணியின் அடியிலும் மாதுளை முத்துப் போல ஒரு சிவப்பு.

மனேஜர் நம்பவில்லை. "பிறகும் முளைக்காட்டி ஆர் பொறுப்பு?"

"நான்தான் சேர்."

குரல் அசையவில்லை. கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தார்.

பியர் ஆலைக்காரரும் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். பார்லி தனியாக ஒரு சைலோவுக்கு, உயரமான தானியக் கோபுரத்துக்கு, போனது. சூடேறுகிறதா, ஈரம் பிடிக்கிறதா என்று பார்க்க மிஸ் நாள்தோறும் தானே ஏணியேறினார். சில கிழமை கழித்து மறுபடி ஈரத்தாளில் பரப்பினார். இந்த முறை தாள் முழுக்க வெள்ளை வேர்.

"அவசரப்பட்டிட்டன் மிஸ், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் பியர் ஆலைக்காரர். மனேஜர் எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார். மிஸ் வரவில்லை. அடுத்த கப்பலின் தீவனச் சாம்பிள் மேல் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்.

"மாட்டுச் சாப்பாடுதானே மிஸ், பிறகு பாக்கலாம்" என்றார் மனேஜர்.

"பியர் சரியில்லையெண்டா குடிக்கிற ஆள் வந்து சத்தம் போடும் சேர். மாடு ஆரிட்டப் போய்ச் சொல்லும்? இதில பூஞ்சணம் கிடக்கு. இறக்க ஏலாது."

தேத்தண்ணி ஆறிப்போனது. மனேஜர் தொலைபேசியை எடுத்து, இறக்குவதை நிறுத்தச் சொன்னார். கிரேட் தானியத்துக்குத்தான், பார்க்கிற கவனத்துக்கு இல்லை என்று நான் அன்றைக்குப் படித்தேன்.