குதிரையின் காதில் இருந்த பஞ்சு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறோம். கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காக என் மகன் போன மாதம் ஒரு குதிரை வாங்கினான். மேளச் சத்தம் கேட்டாலே அது முன்னங்காலைத் தூக்கிவிடும். தைரியமாக ஓட்டத் தெரிந்தவருக்கு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வாங்க வந்தவரோ தன் சின்னப் பெண்ணை ஏற்றப் பார்த்தார். மகன் பக்கத்திலேயே மேளம் அடித்துக் காட்டினான். குதிரை அசையவில்லை.

"கொயந்த மாரி கீதுண்ணா, ஏத்து" என்றான்.

சந்தேகப்பட்டுக் காதைப் பார்த்தேன். உள்ளே பஞ்சு. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அதைப் பிடுங்கி அவன்மேல் எறிந்தேன்.

"எனக்கும் இப்டிதாம்மா வித்தானுங்க."

"அதுக்கு அந்தப் பொண்ணு கழுத்த ஒடிச்சிக்கணுமாடா?"

இப்போது யார் வந்தாலும் நானே காதைக் காட்டிவிட்டு, மேளத்துக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டைத் தட்டுகிறேன். அப்போதும் ஏறி உட்காருகிறவருக்குத்தான் குதிரை. பஞ்சு வைப்பது எல்லோரும் செய்வதுதானாம், மகன் சொல்கிறான். உண்மையா என்று குதிரை வைத்திருப்பவர்கள் யாராவது விசாரித்து எழுதுங்கள்.