பொடிசின் வயதுச் சான்று

அந்த பாரின் சுவரில், உரிமத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது பொடிசின் ஃபோட்டோ ஒட்டிய வயதுச் சான்று. முதலாளி அதை மாட்டியது பாசத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேஜைகளுக்குப் பரிமாறும் பொடிசுக்கு வயது இருபத்தேழு. ஒரு மகளுக்குத் தாய். உள்ளே சமையல்கட்டில் வறுவல் போடும் மாஸ்டருக்கு மனைவி. பார்க்கிறவர் கண்ணுக்கோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். பதினெட்டு வயது நிறையாத ஆளை பாரில் வேலைக்கு வைத்தால் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் பிடிப்பார்கள். அவளும் உம்மென்று ஸ்டூல் போட்டு ஏறிச் சான்றைக் கழற்றிக் கொடுப்பாள். ஸ்டூலைப் பார்த்து வந்தவர் சிரிப்பார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பொடிசின் உயரம், பொடிசைப் போலவே கொண்டை. தட்டில் ஆறு கிளாஸைத் தளும்பாமல் தூக்குவது எப்படி என்று பொடிசு சொல்லிக்கொடுக்கும்போது, அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, மந்திரமா?"

"உங்க பொறந்த தேதிக்கா. முதலாளி மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. வருஷம்தான் நிக்க மாட்டேங்குது."

"உன் வயசு என்ன?"

"பதினஞ்சு."

"குடிச்சவன் எவனாவது கிண்டல் பண்ணா?"

"சிரிக்கணுமாம்."

பொடிசு அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். அன்றே முதலாளி பொடிசைக் கூப்பிட்டு, நாளைக்குச் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள் என்றார். அவள் கல்யாணத்துக்கே அரைநாள் கொடுத்த புண்ணியவான் அவர். நாளைக்குச் சோதனை, தன் சான்றைக் காட்டி அந்தப் பெண்ணை ஒப்பேற்றப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

"கடையை மூடிட்டா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்," என்றார் மாஸ்டர். பிறகு மடியில் இருந்த மகளைப் பார்த்தார். "பரவாயில்லை, போய் உண்மையைச் சொல்லு."

மறுநாள் மதியம் அதிகாரியம்மா சான்றைக் கையில் வைத்திருக்க, புதுப்பெண் தேதியை வருஷத்தோடு கடகடவென்று ஒப்பித்தாள். அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து பொடிசு வந்து நின்றாள்.

"மேடம், அது என்னோடது."

அதிகாரியம்மா ஃபோட்டோவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரெண்டு பேருமே சின்னப் பொண்ணாத்தானே தெரியறீங்க?"

பொடிசு பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். "எங்க போனாலும் இதே தொல்லை மேடம். இது இல்லாம நான் கடைக்குக்கூடப் போறதில்லை."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அவருக்கு அபராதம், பதினைந்து நாள் கடைக்குப் பூட்டு. அந்தப் பெண்ணை அதிகாரியம்மாவே கூட்டிப்போய், உதவித்தொகைக்கு எழுதிக்கொடுத்து, பள்ளியில் சேர்த்துவிட்டார். கடை திறந்ததும் பொடிசை வெளியே அனுப்ப முதலாளிக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் புகார் சொன்னவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்ற உத்தரவைச் சான்றுக்குக் கீழேயே அதிகாரிகள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் ஒரு புது அதிகாரி வந்தார். வழக்கம்போல அவளைத்தான் பிடித்தார். பொடிசு ஸ்டூல் போட்டு ஏறினாள். அவர் சிரித்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சான்றைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"நல்லாப் பாருங்க சார்," என்றாள். "ஃபோட்டோவையும் பாருங்க, என்னையும் பாருங்க. அவசரமே இல்லை."