கணக்கில் வராத அறுபத்தேழு கிலோ

யோகேஸ்வரி காலையில் கிடங்குக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தை மூடிக்கொள்வாள். அன்றைக்குப் பிரித்த மூட்டையிலிருந்து பழைய டீ-சட்டை ஒன்றை உருவித் தலையில் கட்டுவாள். இன்னொன்றை மூக்குக்கு மேல் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுவாள். மலேசியாவின் செனாயில் இருக்கும் அந்தப் பழைய துணிக் கிடங்கில் பன்னிரண்டு பெண்களுக்கும் இதே வழக்கம்தான். வெளிநாட்டு மூட்டைகளைப் பிரித்தால் தூசி புகைபோலக் கிளம்பும். மற்றவர்கள் தூசிக்காக மட்டும் கட்டினார்கள். யோகேஸ்வரிக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. வாய் மூடியிருந்தால் யாரும் அவளிடம் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள்.

வயது நாற்பத்து நான்கு. பிறந்தது சிகாமட் பக்கம். அம்மா படுக்கையில் விழுந்ததும் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அதன்பிறகு நாலு பேர் இருக்கும் இடத்தில் தனக்குப் பேச ஒன்றுமில்லை என்றே நினைத்துக்கொண்டாள். கண்ணுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தால் அது பருத்தியா பாலியெஸ்டரா என்று சொல்லிவிடுவாள். இன்னும் உடுத்தக்கூடியது, பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போகும். கிழிந்த பருத்தி, பட்டறையில் எண்ணெய் துடைக்கப் போகும். இரண்டுக்கும் ஆகாதது குப்பைக்கு. ஒன்பது வருஷமாக அவள் கை இந்த மூன்று குவியலுக்கும் துணி வீசிக்கொண்டிருந்தது.

ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆப்ரின் என்ற பெண் ஒரு தராசோடு வந்தாள். பிரிக்காத மூட்டையை எடை போட்டாள். சாயங்காலம் மூன்று குவியலையும் தனித்தனியாக எடை போட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று வெள்ளையம்மா கேட்டாள். யோகேஸ்வரிக்குப் பக்கத்து மேசை அவளுடையது. வயது அறுபதை நெருங்கியிருந்தது. வாய் ஓயாது.

"ஒரு சட்டைய இன்னொருத்தர் போட்டா, புதுசா ஒண்ணு செய்ய வேணாமில்லக்கா? அந்தத் தண்ணி, சாயம், கரண்டு எல்லாம் மிச்சம். நெசமா எவ்வளவு மிச்சம்னு அளக்கறேன்."

"அப்போ நாங்க சும்மா தூசி திங்கல, உலகத்த காப்பாத்தறோம்னு சொல்லு. சம்பளத்த ஏத்தச் சொல்லும்மா!"

ஆப்ரின் சிரித்தாள். பதினெட்டு வேலை நாள் அளந்தாள். பத்தொன்பதாம் நாள் காலையில் சிரிப்பில்லாமல் வந்தாள். உள்ளே வந்த எடையைவிட மூன்று குவியல்களின் எடை அறுபத்தேழு கிலோ குறைந்தது. அதை அவள் சூப்பர்வைசர் ஹேமநாதனிடம் அப்படியே சொன்னாள். அது யார் தலையில் விடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹேமநாதன் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தான்.

"அறுபத்தேழு கிலோ கால் மொளச்சு நடந்து போச்சா? நல்ல துணியா பாத்து யாரோ வீட்டுக்குக் கொண்டு போறீங்க. பைய எல்லாம் தொறங்க."

பதினோரு பைகள் திறந்தன. வெள்ளையம்மா மட்டும் தன் பெரிய பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தொறக்கமாட்டேன் தம்பி."

"ஏன்?"

"தொறக்கமாட்டேன்னா தொறக்கமாட்டேன்."

"சரி லா. சாயங்காலத்துக்குள்ள தொறக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

பைக்குள் என்ன இருக்கிறது என்பது யோகேஸ்வரிக்குத் தெரியும். சர்க்கரை வியாதி முற்றியதிலிருந்து வெள்ளையம்மாவால் அவசரத்தை அடக்க முடிவதில்லை. பை நிறைய மாற்று உள்ளாடையும் பழைய துணித் துண்டும்தான். காவல்காரர், லோரிக்காரர் எல்லோரும் பார்த்து நிற்க அதைக் கொட்டிக் காட்டுவாளா? வேலை போனாலும் காட்டமாட்டாள். வேலை போனால் மருந்துக்கு வழியில்லை.

அன்று காலை முழுக்க வெள்ளையம்மா பேசவில்லை. அந்த மௌனம் யோகேஸ்வரிக்குத் தாங்கவில்லை. கை துணியைப் பிரித்தது. மனம் அறுபத்தேழு கிலோவைத் தேடியது. வாசலில் காவல் உண்டு, பின்கதவு பூட்டு. பிறகு எந்த வழியாகப் போயிருக்கும்?

சாப்பாட்டு வேளையில் கை கழுவக் கழிவறைப் பக்கம் போனாள். முகத்துணியை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே குப்பைத் தொட்டி. அதில் நேற்று மாலை எல்லோரும் கழற்றி எறிந்த டீ-சட்டைகள், போட்ட முடிச்சோடு கிடந்தன. வேலை முடிந்ததும் அங்கே எறிவதும், காலையில் புதிதாக இரண்டு உருவிக்கொள்வதும் மூச்சு விடுவதுபோல நடப்பது. நகராண்மைக் கழக லோரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதைத் துணி என்றே யாரும் நினைக்கவில்லை. அவளும்தான்.

முகத்துணியை மறுபடி கட்டிக்கொண்டு ஆப்ரினிடம் போனாள்.

"அந்த எடை... இங்கதான் இருக்கு."

"என்னக்கா? துணிக்குள்ளேயே பேசறீங்க, ஒண்ணும் கேக்கல."

சத்தம் கேட்டு ஹேமநாதன் திரும்பினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களும் பார்த்தார்கள். யோகேஸ்வரிக்குக் காது சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தூரத்தில் வெள்ளையம்மா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

யோகேஸ்வரி முகத்துணியை அவிழ்த்தாள். தலையில் கட்டியதையும் உருவினாள். இரண்டையும் தராசில் வைத்தாள். முந்நூறு கிராம்.

"தினமும் ரெண்டு எடுக்கறோம். சாயங்காலம் தொட்டியில போடறோம். பன்னெண்டு பேரும்."

ஆப்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "அலமாக்! தினமும் உங்க மூஞ்சியத்தானேக்கா பாத்துக்கிட்டிருந்தேன்!"

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து தலைத்துணியையும் முகத்துணியையும் தராசில் போட்டார்கள். கடைசியாக வெள்ளையம்மா வந்து போட்டாள். மூன்று கிலோ அறுநூறு.

"அண்ணே," என்றாள் யோகேஸ்வரி. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "உங்க கழுத்துல இருக்கறதையும் போடுங்க."

ஹேமநாதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். வியர்வை துடைக்க, தினமும்போல அன்று காலையிலும் மூட்டையிலிருந்து எடுத்த சட்டை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் அதைக் கழற்றிப் போட்டான். மூன்று கிலோ எழுநூறு. ஆப்ரின் அதைப் பதினெட்டால் பெருக்கினாள். அறுபத்தாறு கிலோ அறுநூறு கிராம்.

"மிச்சம் நானூறு கிராம் தூசி," என்றாள் வெள்ளையம்மா. "அது எங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. எடை போடறியா தம்பி?"

ஹேமநாதன் வெளியே போனான்.

ஆப்ரின் தாளில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள். பேனா நின்றது. "இத மறுபடி உடுத்தினதுன்னு எழுதறதா, குப்பைன்னு எழுதறதா?"

"ஒரு நாள் உடுத்தினோம். அப்புறம் குப்பை," என்றாள் யோகேஸ்வரி. "ரெண்டையும் எழுதும்மா."

மறுநாள் காலை வெள்ளையம்மா பையோடு உள்ளே வந்தாள். காவல்காரர் தலையசைத்து வழிவிட்டார். ஹேமநாதன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "இனிமே அக்கா பைய பாக்க வேணாம்," என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான்.

யோகேஸ்வரி, வீட்டில் துவைத்துக் காயவைத்த நேற்றைய சட்டைகள் இரண்டையும் கொண்டு வந்திருந்தாள். தலையில் ஒன்றைக் கட்டினாள். மற்றதை முகத்தில் சுற்றாமல் தோளில் போட்டுக்கொண்டாள். வெள்ளையம்மா முந்தின இரவு பேரன் செய்த கூத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மூட்டை பிரிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.