ரொட்டிக் கடைக் கதவில் சாக்பீஸ் கோடுகள்

என் கிராஃப் தாளை வாங்கியதும் புரொபசர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னய்யா, தாள்ல ரொட்டி வாசனை வருது? பசிக்குதே!"

வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது...

அப்பாவுக்குப் புதுச்சேரியில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. அதே ஊர்க் கதிர்காமத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பாய், அவர் சட்டை, என் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான்.

அறுபத்தொன்றாம் வருஷம். பக்கத்து ஜில்லாவில் யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் தங்கி பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் பிசினஸ் ஃபோர்காஸ்டிங் என்று ஒரு பாடம். இதுவரை நடந்த வியாபாரத்தை வைத்து இனி நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே கறுப்பு நூலை இழுத்துப் பிடித்து, அது போகிற திசையில் பென்சிலால் கோடு. அவ்வளவுதான் எங்கள் கம்ப்யூட்டர்!

ஏதோ ஜோசியத்தில் டிகிரி வாங்கப்போகிற மாதிரி எனக்கு ஒரே கர்வம்.

ஆளுக்கு ஒரு வியாபாரத்தை எடுத்துச் செய்யச் சொன்னார்கள். நான் அப்பா வேலை செய்த கடையை எடுத்தேன். பொங்கல் லீவில் போய், ஐந்து வருஷ டெலிவரி நோட்டைக் காப்பி செய்துகொண்டேன். எந்தப் பிரெஞ்சுக்கார வீட்டுக்குத் தினமும் எத்தனை ரொட்டி என்று அதில் இருக்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. என் நூல் சர்ரென்று கீழே இறங்கியது.

நல்ல மார்க். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? கோடை லீவில் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்க் கடை முதலாளி அம்மாவிடமே காட்டினேன்.

தமிழம்மாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த புருஷன் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்தினார். ஊரே மதாம் என்று கூப்பிடும். மகன் பாரீஸில் இருந்துகொண்டு, வந்துவிடு என்று மாதாமாதம் கடிதம் போடுவான். இவர் போகவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். "மொந்தியே, கடவுளே... இன்னும் ரெண்டு வருசத்துல ஒண்ணுமே இல்லியா? அப்ப நோயலோட மூடிடறேன் மணி. நல்லவேள, நீ படிச்ச புள்ள, சொல்லிட்ட."

நோயல் என்றால் அங்கே கிறிஸ்துமஸ். அடுப்பை நம்பி நாலு குடும்பம் இருந்தது. அதில் ஒன்று எங்களுடையது.

அன்று அப்பா சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே கேட்டார். "படிப்பு நல்ல படிப்புதான்டா. ஆனா நம்ம அடுப்பையா நீ அளக்கணும்?"

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

மறுநாள் மத்தியானம் மதாமிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் கடை வாசலிலேயே நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். குருசுக்குப்பத்து டீக்கடைக்காரர் ஒரு கூடை ரொட்டி வாங்கிப் போனார். மில் ஷிப்ட் விட்டவர்கள் ஆளுக்கு ஒன்று. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு என்று ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் வந்த ஏழெட்டுப் பேரை, தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு டஜன் போனால் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு. சாயங்காலம் ஈரத்துணியால் ஒரே துடைப்பு. எந்த நோட்டிலும் ஏறாது!

டெலிவரி போக மீந்தது என்பதால் மதாம் அதை வியாபாரமாகவே நினைக்கவில்லை. நோட்டில் இல்லாததால் நானும் நினைக்கவில்லை. தலையில் குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

லீவு முழுக்க, துணி வருவதற்கு முன்னால் போய் அந்தக் கோடுகளை எண்ணி எழுதினேன். நாற்பது நாள். மதாமிடம் இரண்டு தாளையும் வைத்தேன்.

"இன்னாடா இது, ஒண்ணு எறங்குது, ஒண்ணு ஏறுது? எத நம்பறது?"

"ஏறுறத நம்புங்கன்னு சொல்ல நாப்பது நாள் கணக்கு பத்தாது மதாம். அவசரப்பட்டு ஒரு தடவ சொன்னதே போதும். ஒரு வருசம் எழுதிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

மதாம் உள்ளே அடுப்படியில் இருந்த அப்பாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கோவிந்து! நாளைலேந்து மத்தியானமும் ஒருக்கா அடுப்பு மூட்டு. ஒரு வருசம் பாப்போம்."

ஆனால் நான் ஹாஸ்டலுக்குத் திரும்பியாக வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் ஐம்பது போஸ்ட் கார்டில் என் விலாசத்தை எழுதி, கதவில் விழும் கோடுகளை அப்படியே அதில் போட்டு அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாரம் தவறாமல் கார்டு வந்தது. நலமா, சாப்பிட்டாயா, ஒரு எழுத்து இருக்காது. வெறும் கோடுகள். நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. ஹாஸ்டல் நண்பர்கள் "உங்கப்பா ஜெயில்ல நாள் எண்றாரா?" என்று கிண்டல் செய்வார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு புள்ளி வைப்பேன்.

மதாம் பாரீஸ் போகவே இல்லை.

இப்போது என் பேத்திக்கும் இதே வேலைதான், சென்னையில். பட்டனைத் தட்டினால் அடுத்த வருஷம் திரையில் வந்து நிற்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும். போன வாரம் அவளிடம் அந்தக் கார்டுகளை எடுத்துக் காட்டினேன். வாசனை எப்போதோ போய்விட்டது...

"தாத்தா, கிராஃப் எங்க?" என்று கேட்டாள்.

கிராஃப் தொலைந்துவிட்டது. அந்த வருஷத்தின் கடைசிக் கார்டை அவள் கையில் கொடுத்தேன். பின்பக்கம் இடம் போதாமல், அப்பாவின் கோடுகள் என் விலாசத்தைச் சுற்றியும் ஏறியிருந்தன.