பொய் சொல்லக் கூடாத வீட்டின் பூங்கொடி அக்கா

இம்மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபது. எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொடி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. எழுதியவர் அவருடைய கணவர். ராத்திரி அக்கா தலைவலி என்றாராம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். கோவையில் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கும் நாங்கள் அதுவரை இருபத்தோரு பேர்.

அவரைத் தெரியாதவர்களுக்காக: வயது முப்பத்தொன்பது. பிறந்தது தாராபுரம் பக்கம், வாழ்ந்தது சிங்காநல்லூர். கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. ஒரே மகள் தர்ஷினி, பதின்மூன்று வயது, ஆட்டிசம் உள்ளவள். வேண்டியதை ஒன்றிரண்டு சொற்களில் கேட்பாள். நாம் சொல்வதை அப்படியே நம்புவாள்.

முதல் நாள் அறிமுகத்தில் எல்லோரும் சேவை செய்ய வந்ததாகச் சொன்னார்கள். என் முறை வந்தது. நான் பி.இ. முடித்து பம்ப் கம்பெனியில் இருந்தவன். "சேவையெல்லாம் இல்லை. பேச முடியாத குழந்தைகளுக்குக் கருவி செய்யணும். அதுக்கு முதல்ல குழந்தைகளைப் படிக்கணும்" என்றேன். அடுத்து எழுந்த அக்கா சொன்னார்: "எனக்கும் சேவை இல்லீங்க. என் பொண்ணு ஏன் அப்படி இருக்கான்னு சொந்தக்காரங்க அத்தன பேரும் சொல்லிப்போட்டாங்க. நாமளே படிச்சுப் பாத்துக்கலாம்னு வந்துட்டனுங்க."

கல்யாணத்துக்கு முன் வாங்கிய பி.எஸ்ஸி. பட்டத்தோடு வந்தவர். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வளாகத்துக்குள் ஒரு மைல் நடந்து, முதல் வகுப்புக்கு எனக்கு முன்பே வந்துவிடுவார்.

முதல் பருவத்தில் பயிற்சிப் பள்ளியில் ஒரு தந்தை என்னிடம் கேட்டார், மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவானா என்று. எழுதமாட்டான், தனியாகப் பஸ்ஸில் போகக் கற்றுக்கொள்வான் என்றேன். பேராசிரியர் என்னைத் தனியாக அழைத்துக் கண்டித்தார். டீக்கடையில் அக்கா சிரித்தார். "நம்மூர்ல ஒருத்தரு இல்லேன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு காப்பி ஆறிப் போயிரும். நீங்க வாசப்படியிலயே சொல்லிப்போடறீங்க. ஒரு நா ஊட்டுக்கு வாங்க தம்பி, எம் பொண்ணுக்கு உங்களத்தான் புடிக்கும்."

போனேன். சுவரில் அன்றைய வேலைகள் படங்களாக வரிசையில் ஒட்டியிருந்தன. அந்த வீட்டுக்கு ஒரே சட்டம்: தர்ஷினியிடம் பொய் கூடாது. காரணத்தையும் சொன்னார். சின்ன வயதில் கோயிலுக்கு என்று சொல்லி அவளை ஊசி போட அழைத்துப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எந்த ஆட்டோவிலும் அவள் ஏறவில்லை. "நாளைக்கு வாரேன்னு சொன்னா வரோணும் தம்பி. இல்லீனா வல்லைன்னு சொல்லிப்போட்டுப் போங்க. அவ தாங்கிக்குவா. ஏமாத்தினாத்தான் தாங்க மாட்டா."

இனி நடந்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, அக்காவின் உடலை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியைத் தட்டி "எந்திரி" என்றாள் தர்ஷினி. ஆட்டிசம் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய எங்கள் தோழி அவளைக் கட்டிக்கொண்டு, "அம்மா தூங்கறாங்கடா கண்ணு" என்றார். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் கைகொடுக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் "அம்மா?" என்று கேட்டாள். தாராபுரத்திலிருந்து வந்த தாய்மாமன், "அம்மா நம்மூருக்குப் போயிருக்காங்க அம்மணி, வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா போன் செய்தார். "சாப்பிட மாட்டீங்கறா தம்பி. செருப்பக் கழட்ட உடமாட்டீங்கறா. எனக்குச் சொல்ல வாய் வல்லை. கொஞ்சம் வாரீங்களா?"

போனபோது தாய்மாமன் வழிமறித்தார். "பச்சப் புள்ளைங்க தம்பி. அதுங்கிட்டப் போயி எப்படிங்க சொல்றது?"

"தாராபுரம்னு சொல்லிட்டீங்க. கூட்டிட்டுப் போவீங்களா?"

"போலாமுங்க."

"அங்கேயும் அம்மா இருக்க மாட்டாங்க. அப்புறம் எந்த ஊர் சொல்வீங்க?"

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்து நின்றார். மருமகளுக்கு முன் தன் அக்காவுக்காக அழக் கூடாது என்று மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தவர்.

அப்பாவை ஒரு பக்கம் உட்கார வைத்து, நான் தரையில் உட்கார்ந்தேன். அக்காவின் படத்தைக் காட்டிச் சொன்னேன்: "அம்மா செத்துட்டாங்க. அம்மா உடம்பு வேலை செய்யலை. அம்மா தாராபுரத்துல இல்லை. திரும்ப வரமாட்டாங்க. அப்பா இங்க இருப்பாரு." அவள் தன் கையைக் கடித்தாள். பிறகு என்னை அறைந்தாள். அதே சொற்களை மறுபடியும் சொன்னேன். "அப்பா இங்க" என்றாள். "இங்கதான் சாமி, எங்கியும் போகலை" என்றார் அவர். வெகுநேரம் கத்தி அழுதாள். பிறகு ஒரு செருப்பைக் கழற்றினாள். மற்றதை நாங்கள் தொடவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்குச் சிங்காநல்லூர் போவேன். வர முடியாத நாளை முன்கூட்டியே தர்ஷினியிடம் சொல்லிவிடுவேன்.

2. சுவரில் படங்களை மாற்றி ஒட்ட அவளுடைய அப்பாவுக்குக் கற்றுத் தருவேன். பட்டறையில் மில்லிமீட்டர் பிசகாமல் வேலை செய்கிறவர், சீக்கிரம் பழகிவிடுவார்.

3. கருமாதி அன்று வாசலில் நிற்பேன். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று யாரும் அவளிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்வேன். தாய்மாமனும் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

4. பி.எட். முடிப்பேன். கருவி அதற்குப் பிறகு.

5. உங்களை என்றென்றும் மறக்கமாட்டோம் என்று எழுதச் சொல்லி வகுப்பில் கேட்டார்கள், அக்கா. என்றென்றும் என்பது எனக்குத் தெரியாது. வரும் செவ்வாய்க்கிழமை தெரியும். அன்று போகிறேன். உங்களுக்கு என் வணக்கமுங்க.