ஏர்மிஸ்ஸும் காபிக் கறையும்

டைப் அடிக்கிறவள் அடிப்பதைப் படிக்கக் கூடாது. மாட்டுங்காவில் நான் தட்டச்சு கற்ற இடத்தில் முதல் நாளே சொன்ன விதி. படித்தால் வேகம் குறையுமாம். நான் படித்ததே இல்லை. கண் சுருக்கெழுத்து நோட்டில் இருக்கும், விரல் பாட்டுக்கு ஓடும், மனசு வீட்டில் புளி தீர்ந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவில், விமானப் போக்குவரத்து சம்பந்தப்பட்ட ஓர் ஆபீஸில் தற்காலிக ஸ்டெனோவாக இருந்தேன். வானத்தில் இரண்டு விமானங்கள் மோதாமல் தப்பித்தால் அங்கே அதற்குப் பெயர் ஏர்மிஸ். இரண்டும் பயணிகள் விமானம் என்றால் மூன்று பிரதி. ஒன்று ராணுவத்துடையது என்றால் ஐந்து. இதையெல்லாம் வீட்டில்கூடச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

என் வீட்டுக்காரர் பம்ப் விற்கும் கம்பெனியில் இருந்தார். எங்கள் வீடு இருந்த திலக் நகரில் காலையில் அவர் காதில் விழுந்த விஷயம் மாலைக்குள் குர்லா ஸ்டேஷன் பிளாட்பாரம் முழுக்கத் தெரிந்துவிடும். கெட்ட எண்ணம் கிடையாது. வாய் நிற்காது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் கம்பெனி அவரை முதல் முறையாக விமானத்தில் அனுப்பியது. தெற்கே, ராணுவத்தாரும் பயணிகளும் ஒரே ஓடுபாதையைப் பங்கு போட்டுக்கொள்கிற ஓர் ஊருக்கு. திங்கட்கிழமை காலை போய், புதன்கிழமை ரயிலில் வந்தார். போர்டிங் கார்டை ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். போட்டுக்கொண்டு போன புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மார்பு முழுக்கக் காபி.

"பிளேன் திடீர்னு கீழ எறங்கிட்டு. நான் என்ன செய்ய?" என்றார்.

"பிளேன்ல அத்தன பேரு. ஒங்க காபிதான் சிந்தணுமா?"

"எல்லாருக்குந்தான் சிந்திச்சு."

நான் நம்பவில்லை. கறை மூன்று துவைப்புக்கும் போகவில்லை. கடைசியில் அந்தச் சட்டையையும் இரண்டு பழைய பேண்ட்டையும் தெருவில் வருகிற பாத்திரக்காரியிடம் போட்டு ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அதிலேயே அவருக்குக் காபி கொடுத்தேன், அரை டம்ளர் மட்டும். முழுசாகக் கொடுத்தால் உங்களுக்குப் பிடிக்கத் தெரியாதே என்று ஒரு வாரம் சொல்லிக் காட்டினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஐந்து பிரதி அடிக்க ஒரு ரிப்போர்ட் வந்தது. மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. ஷோகேஸைத் துடைக்கும்போதெல்லாம் போர்டிங் கார்டில் நான் பார்க்கிற அதே விமான நம்பர். அதே திங்கட்கிழமை.

வாழ்க்கையில் முதல் முறையாக, அடிப்பதைப் படித்தேன். பயிற்சியில் இருந்த போர் விமானம் குறுக்கே வந்திருக்கிறது. பைலட் மூக்கைக் கீழே தள்ளியிருக்கிறார். மேலே அது, கீழே இவர்கள். நடுவில் எங்கள் நாலு மாடிக் கட்டடத்தைச் சொருகினால் மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் இருக்காது. சேதம்: இல்லை. குறிப்பு: சூடான பானங்கள் சிந்தின. பயிற்சி காலை வேளைகளில் நடப்பதால் நேரத்தை மாற்றுவது பற்றி இரு தரப்பும் பேசிவருகின்றன.

பேசி முடிக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை காலை அதே விமானத்தில் அவருக்கு மறுபடி டிக்கெட். எனக்குப் பயமாக இருந்தது. திட்டித் தீர்த்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. சொன்னால் குர்லா பிளாட்பாரத்துக்குத் தெரியும், வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் அதில் ஏறுவார்.

எங்களோடு இருந்த மாமியார் தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்க்காமல் வாசல்படி தாண்ட மாட்டார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது. நான் ஆபீஸ் போகிற எட்டு மணி லோக்கல் அதற்குள்தான் வரும். ரயில்வேக்காரனுக்குச் சொல்லி அனுப்புங்க அத்தை என்று கிண்டல் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அந்தத் திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"ராகுகாலம். இப்பப் போவாண்டாம். சாயந்தர பிளேன்ல போங்க" என்றேன்.

"யாரு, நீயா சொல்லுத?"

மாமியார் அடுக்களையிலிருந்து வந்து என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "ஏல, அவளே சொல்லுதா. ஷூவக் கழத்து."

"ஆபீஸ்ல என்னனு சொல்ல?"

"வீட்டுக்காரிக்கு வயித்து வலின்னு சொல்லுங்க" என்றேன். வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடாததால் அது முழுப் பொய்யும் இல்லை.

தாயும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் நின்றது அவருக்குப் புதுசு. கீழ்க்கடைக்குப் போய் போன் போட்டு டிக்கெட்டை மாற்றினார்.

நான் தாமதமாக ஆபீஸ் போனபோது காலை விமானம் ஒழுங்காகப் போய் இறங்கியிருந்தது. மாலை விமானம் இறங்கிய தகவல் வரும்வரை ஏதோ பழைய கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமானது. ஆனால் ராகுகாலத்தை என் வாயாலேயே சொல்லிவிட்டதால், அத்தை இருந்த வரைக்கும் திங்கட்கிழமை எட்டு மணி லோக்கல் எனக்குக் கிடையாது. ஏழேகாலுக்கே கிளம்பிப் போய், திறக்காத ஆபீஸ் வாசலில் நின்றேன்.

புதன்கிழமை அவர் வந்தார். சட்டையை விரித்துக் காட்டினார். "பாத்துக்கோ, கறை இருக்கா? சாயந்தர பிளேன்ல காபியே குடுக்கல. வெறும் மிட்டாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காபி குடுக்கலன்னதுக்கா அழுவுத?"

ஆமாம் என்றேன். அந்த எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைச் சிந்தாமல் ஷோகேஸ் வரை எடுத்துப்போய், இரண்டாவது போர்டிங் கார்டை முதல் கார்டோடு ஒட்டிச் சாய்த்து வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி வைங்க" என்றேன்.